தவிடும் நாட்டுக்கோழியும்: குத்தம்பாக்கம் குறிப்புகள்

பூந்தமல்லி, திருமழிசை தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது குத்தம்பாக்கம். புறநகர்ப் பேருந்து நிலையத்துக்கு இடம் ஒதுக்கப்பட்ட ஊர். மனை விலை ஏறிக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்திலும் சிறுவிடைக் கோழிகள் தெருவில் மேய்கின்றன. ஆனால் காலி நிலம் குறையக் குறையப் புழு பூச்சியும் குறைகிறது. கையால் போடும் தீனியின் பங்கு கூடுகிறது. மக்காச்சோளத்தையும் சோயாவையும் விலைக்கு வாங்கிப் போட்டால் பத்துக் கோழி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. கைக்கு எட்டுவது நொய்யும் தவிடும்தான்.

*

1996 முதல் 2006 வரை இந்த ஊராட்சியின் தலைவராக இருந்தவர் இளங்கோ. கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். விளைச்சலை வெளியே விற்றுவிட்டு, பண்டங்களை வெளியிலிருந்து வாங்குவதால் ஊர்ப் பணம் ஊரில் தங்குவதில்லை; பக்கத்துக் கிராமங்கள் ஒன்றுசேர்ந்து தமக்கு வேண்டியதைத் தாமே தயாரித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி வந்தவர். அந்தக் கணக்கைக் கோழிக்கும் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 20 கிலோ உமி, 8 கிலோ தவிடு. நெல் மூட்டையாக ஊரை விட்டுப் போகும்போது அந்த 8 கிலோவும் சேர்ந்து போகிறது. செங்குன்றம் போன்ற இடங்களில் அரைபட்ட பிறகு எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத்தீவன ஆலைக்கும் போய்விடுகிறது. ஊர்க் கோழிக்கு மிஞ்சுவது எத்தனை நாள் பழையது என்று தெரியாத கடைத் தவிடு.

*

தவிட்டை மட்டமாக நினைப்பவர்கள் எய்க்மானின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிறிஸ்டியான் எய்க்மான் டச்சு மருத்துவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவின் பட்டேவியாவில், ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற ஆய்வுக் கோழிகளுக்குக் கால் துவண்டது. புதிதாக வந்த சமையல்காரர் ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்தார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. பெரிபெரி நோய்க்கும் அரிசிக்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் பிடிபட்டது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு. கோழியை நடக்க வைத்தது தவிட்டில் இருந்த தயமின்.

*

தவிட்டில் புரதம் 12 முதல் 14 சதவீதம். எண்ணெய் நிறைய. பாஸ்பரஸும் நிறைய, ஆனால் அதில் பெரும்பங்கு ஃபைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. கால்சியம், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதி கோழியின் குடலில் போதிய அளவு சுரப்பதில்லை. தின்ற பாஸ்பரஸ் எச்சத்தோடு வெளியே போய்விடும்.

இந்த நொதியை 1907இல் ஜப்பானில் சுசூகியும் அவருடன் இருந்தவர்களும் முதலில் கண்டறிந்தது அரிசித் தவிட்டிலேதான். கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒரே தவிட்டுக்குள் இருக்கின்றன.

*

பலரும் கவனிக்காத இடம் இது. பச்சரிசித் தவிட்டில் ஃபைட்டேஸ் நொதி உயிரோடு இருக்கும். ஊறவைத்தால் கொஞ்சம் வேலை செய்யும். ஆனால் கொழுப்பை உடைக்கும் லைபேஸும் உயிரோடு இருப்பதால் அரைத்த சில நாளிலேயே சிக்கு வாடை தட்டிவிடும். புழுங்கல் தவிடு அதற்கு நேர்மாறு. நெல்லை அவிக்கும்போதே லைபேஸ் செத்துவிடுவதால் அத்தனை சீக்கிரம் கெடாது. ஆனால் அதே ஆவியில் ஃபைட்டேஸும் போய்விடுகிறது. நம் பக்கம் அதிகம் கிடைப்பது புழுங்கல் தவிடு. அதை வெறுமனே ஊறவைத்துவிட்டு நொதி வேலை செய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

வழி இருக்கிறது. கோதுமைத் தவிட்டில் ஃபைட்டேஸ் நிறைய உண்டு. நாலு பங்கு அரிசித் தவிட்டுக்கு ஒரு பங்கு கோதுமைத் தவிடு சேர்த்து, கொஞ்சம் மோர் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து இரவு மூடி வைக்கலாம். லேசான புளிப்பில் நொதி நன்றாக வேலை செய்யும். காலையில் போட்டு மதியத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

*

தவிடு வாங்கும்போது இங்கே கோழி வளர்க்கும் ஒரு அம்மா சொன்னது: “தம்பி, கையில புடிச்சு இறுக்கிப் பாரு. கொழுக்கட்ட மாதிரி நின்னா தவிடு. பொலபொலன்னு உதிர்ந்து கையில குத்துனா உமி.” சரியான சோதனை. எண்ணெய் உள்ள தவிடு ஒட்டும். உமித் தூள் குத்தும். உமியில் இருப்பது பெரும்பாலும் நாரும் சிலிக்காவும். எந்த நொதியும் அதைத் தீனியாக்காது. எண்ணெய் எடுத்த தவிடும் பிடித்தால் நிற்காது. அதில் தெம்பும் குறைவு.

*

கடையில் விற்கும் நொதி (என்சைம்) பாக்கெட் பற்றி. ஃபைட்டேஸ் பாஸ்பரஸை விடுவிக்கும். சைலனேஸ் தவிட்டு நாரை உடைக்கும்; கோதுமை அதிகம் போடும்போது குடலில் ஏற்படும் பிசுபிசுப்பைக் குறைக்கும். எது இருக்கிறது என்று பாக்கெட்டில் படித்த பிறகே வாங்க வேண்டும்.

அளவுதான் சிக்கல். இந்தப் பொருள்கள் நாமக்கல் கோழிப் பண்ணைகளின் டன் கணக்குக்குச் செய்யப்பட்டவை. ஒரு டன் தீவனத்துக்கு 500 கிராம் என்று போட்டிருந்தால், பத்துக் கோழிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஒரு கிலோவுக்கு அரை கிராம்தான் வரும். அதை வீட்டில் நிறுக்க முடியாது. பத்து கிலோ தீவனத்துக்கு ஐந்து கிராம் எடுத்து, முதலில் ஒரு கைப்பிடி உலர்ந்த தவிட்டில் கலந்து, பிறகு ஒரு கிலோவில், பிறகு மொத்தத்தில் கலக்க வேண்டும். நொதி ஒரு புரதம். கொதிநீர் ஊற்றினால் வீணாகிவிடும்.

*

நொதியால் ஆகாதவையும் உண்டு. குஞ்சுக்குத் தவிடு மிகக் குறைவாகவே போட வேண்டும். நொய்யும் புரதமும்தான் அதற்கு முக்கியம். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் தனியாக வேண்டும். புரதத்துக்குக் கடலைப் புண்ணாக்கு சேர்ப்பவர்கள் பூஞ்சணம் பார்த்துச் சேர்க்க வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம் கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளாடாக்சின். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசிதான் காவல். தீனி அதற்கு மாற்றாகாது.

*

இதே மாவட்டத்தில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. சென்னையில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பத்துக் கோழி வைத்திருக்கும் பெண்களுக்கு இவர்களிடமிருந்து வேண்டியது இரண்டு. ஒன்று, பத்து கிலோ தீவனத்துக்கு ஒன்றாகக் கிழித்துக் கொட்டக்கூடிய சிறு நொதிப் பொட்டலம். இரண்டு, ஊர் நெல்லை ஊரிலேயே அரைக்க ஒரு சிறு மில். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் மில்லைத்தான் கேட்பேன். நல்ல தவிடு கையில் இருந்தால் நொதிக்குக் கோதுமைத் தவிடும் மோரும் போதும். கெட்ட தவிட்டுக்கு எந்தப் பொட்டலமும் உதவாது.