பார்க்கப் போவதும் ஊழியம்தான்

பெரியகுளம் எங்களுக்குப் பக்கத்து ஊர். தேவதானப்பட்டியில் பஸ் ஏறினால் மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கிவிடலாம். அந்தப் பெரியகுளத்தில் 1862-ல் டேவிட் காய்ட் ஸ்கடர் என்ற அமெரிக்க இளைஞர் மதுரை மிஷனின் ஊழியராக இருந்தார். பாஸ்டன்காரர். அந்த வருஷம் நவம்பர் 19-ஆம் தேதி வைகை வெள்ளம் அவரைக் கொண்டுபோய்விட்டது. அப்போது அவருக்கு வயது 27. மனைவி ஹேரியட், கையில் ஒரு வயதுகூட நிறையாத பெண் குழந்தை. மதுரையில் பிறந்த அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் பாஸ்டனுக்குத் திரும்பினார். பிற்காலத்தில் வெல்லெஸ்லி கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகப் பெயர் பெற்ற வைடா ஸ்கடர்தான் அந்தக் குழந்தை.

பள்ளியில் வரலாறு நடத்திய எனக்கு இது வெறும் தகவலாக நிற்கவில்லை. ஸ்கடரைவிட ஹேரியட்தான் என் மனசில் உட்கார்ந்துகொண்டார். தமிழ் இன்னும் சரியாக வாய்க்காத ஊரில், ஆற்றோடு புருஷனைப் பறிகொடுத்த அந்த வாரங்களில், அவர் பக்கத்தில் அவர் பாஷையில் பேச யார் உட்கார்ந்திருப்பார்கள்? கொடைக்கானலில் 1845-ல் அமெரிக்க மிஷனெரிகள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது எதற்காக என்று எல்லோருக்கும் தெரியும். கீழே காய்ச்சலும் காலராவும் அவர்களை வாரிக்கொண்டு போனதால் கட்டினார்கள். உடம்புக்கு மலை கிடைத்தது. மனசுக்கு?

இந்தக் கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வி. சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாளில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், 'வடக்கே போக யார் ஆயத்தம்?' என்று கேட்டபோது எழுந்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. ஊருக்கு வந்தேன். அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. தம்பிமார் பள்ளிக்கூடத்தில். டீச்சர் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, வருஷங்கள் ஓடின. கடமையைத்தான் செய்தேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாதாமாதம் 'அறைகூவல்' என்ற மிஷனெரிப் பத்திரிகை தபாலில் வரும்போது உடனே பிரிக்க மாட்டேன். எங்கள் சபை தாங்குகிற மிஷனெரி குடும்பத்துக்குக் காணிக்கைக் கவர் போடும்போது மற்றவர்களைவிட ஒரு நோட்டு கூட வைப்பேன். அது தாராளம் என்று எல்லோரும் நினைத்தார்கள். என் நெஞ்சுக்குள் இருந்தது வலி.

ரிட்டயர் ஆன பிறகுதான் அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்ப்பது என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். திண்டுக்கல்லில் ரயிலேறி சென்னை, அங்கிருந்து ஹவுரா, பிறகு பர்ஹர்வா, அதற்கப்புறம் ஜீப். ஜார்க்கண்டின் ராஜ்மகல் மலைகள். கங்கைக்குத் தெற்கே சாகிப்கஞ்ச், பாகூர் மாவட்டங்களில் படர்ந்து கிடக்கிற மலை. மேலே பஹாடியா மக்கள். மலைச் சரிவைச் சுத்தம் பண்ணி மக்காச்சோளமும் காராமணியும் விதைக்கிறார்கள், சந்தை நாளில் விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்கள் பேசுகிற மால்டோ தமிழுக்குத் தூரத்துச் சொந்தம், திராவிட மொழிகளில் ஒன்று. மலேரியாவும், மணல் ஈ கடித்து வருகிற கால அசார் காய்ச்சலும் அந்த மலைகளை எத்தனையோ காலமாகப் பிடித்து ஆட்டியவை. நம் பக்கத்திலிருந்து போனவர்களும் அந்தக் காய்ச்சலுக்குத் தப்பவில்லை.

பெட்டியில் நாங்கள் கொண்டுபோனது இட்லி அரிசி, புளி, சுண்டைக்காய் வத்தல், மாவடு, மிளகாய்ப்பொடி, கொஞ்சம் முறுக்கு. புளியை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் அந்த வீட்டுத் தங்கச்சி எங்களுக்குத் தண்ணீரே கொடுத்தாள்.

முதல் நாள் முழுக்க நாங்கள் விருந்தாளிகள், அவர்கள் மிஷனெரிகள். அவள் கணவர், அந்தத் தம்பி, ஊழியத்தைப் பற்றிச் சொன்னார். எத்தனை ஊர், எத்தனை பேர், எந்த ஊரில் எதிர்ப்பு, எங்கே எழுப்புதல். அவர் சொன்ன வரிசை எனக்கு நன்றாகப் பழகிய வரிசை. மாதக் கடிதத்தில் வருகிற வரிசை. அவரைக் குறை சொல்ல முடியாது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான். 'சாட்சி சொல்லுங்க பிரதர்' என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? வந்தவர்களில் அநேகர் ஒரே நாளில், சில சமயம் ஒரு பொழுதிலேயே, ஜெபித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு ஜீப் ஏறிவிடுவார்களாம்.

நாங்கள் தங்கினோம். மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பியும் என் வீட்டுக்காரரும் மேலே ஒரு ஊருக்குப் போய்விட்டார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லை. எங்கள் ஊர் மாம்பழ விலையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தவள், கையைப் புளித்தண்ணிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"பெரியவன் லீவுக்கு வந்தான்ல அக்கா. தட்டுல சோறு போட்டு வச்சா, தட்டு முன்னாடியே நிக்கான். 'உக்காருல'ன்னு சொன்னாத்தான் உக்காருதான். தண்ணி குடிக்கணும்னா, 'அம்மா, குடிக்கட்டுமா'ன்னு கேக்கான். அவன் வீட்டுலேயே அவன் விருந்தாளி மாதிரி இருக்கான் அக்கா."

பையன் தமிழ்நாட்டில் ஹாஸ்டலில் படிக்கிறான். முதல் வகுப்பிலேயே கொண்டுபோய் விட்டார்கள். பணித்தளத்தில் பள்ளிக்கூடம் கிடையாது, வேறு வழியும் கிடையாது. நல்ல ஹாஸ்டல்தான், அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவளே சொன்னாள். மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கென்றே டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா போன்ற பள்ளிகள் இருப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது இந்தத் தாய்மாரைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் உபகாரம் உபகாரமாக இருக்கும்போதே பிள்ளை தண்ணீருக்கு அனுமதி கேட்கிறான். இரண்டும் உண்மை.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு வசனம் வந்தது. ஞாயிறு பள்ளியில் எத்தனையோ வருஷம் சொல்லிக்கொடுத்த வசனம்தான். சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாத வசனமா? கல் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் இன்னும் சொன்னாள். இரண்டாவது பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரி ஜீப் கிடைக்காமல் இருந்தது. ஊரில் அவள் அம்மா இறந்தபோது ரயிலில் இருந்தபடியே அடக்கம் முடிந்துவிட்டதைப் போனில் கேட்டது. கடைசியாக, "சில நாள் ஜெபிக்கவே தோணல அக்கா" என்றாள். அப்போதுதான் கையை வெளியே எடுத்துக் கழுவினாள். குழம்பு அன்றைக்குப் புளி கூடிப்போனது. அவர்கள் இறங்கி வந்ததும் நால்வரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

இதை அவள் மாதக் கடிதத்தில் எழுத முடியுமா? கடிதம் நூறு வீட்டுக்குப் போகிறது, ஆராதனை முடிந்ததும் சத்தமாக வாசிக்கப்படுகிறது. 'ஜெபிக்கத் தோணல' என்று வாசித்தால் சபையில் என்ன பேச்சு எழும் என்பதை நான் நன்றாக அறிவேன். மேலே இருக்கிற நிர்வாகத்துக்குச் சொன்னால் இடமாற்றம் வரலாம். கணவரிடம் சொன்னால் அவர் உடைந்துபோவார். ஆக, சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், நம் பாஷை பேச வேண்டும், எதையும் எங்கேயும் ஒப்படைக்க வேண்டிய அவசியம் இல்லாதவராக இருக்க வேண்டும். இதை எழுதலாமா என்று அவளிடமே போனில் கேட்டேன். "எழுதுங்க அக்கா, பேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

நான் கற்றது இதுதான். அன்றைக்கு எழுந்து நின்றவளுக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. போக முடியாமல் போனவளின் காதுதான் போனவளுக்குத் தேவைப்பட்டது. என் வலியும் அவள் வலியும் அந்த அடுப்படியில் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருந்தன. பத்திரிகை தபாலில் வந்தால் இப்போது அன்றைக்கே பிரிக்கிறேன்.

வேதத்தில் ஒநேசிப்போரு என்று ஒரு மனிதர் வருகிறார். பிரசங்கிகள் அதிகம் தொடாத பெயர். சிறையில் சங்கிலியோடு இருந்த பவுலை ரோமாபுரியில் தேடிக் கண்டுபிடித்து இளைப்பாற வைத்தவர். அவர் அங்கே பிரசங்கம் பண்ணினதாக எந்தக் குறிப்பும் இல்லை. தேடினார், கண்டுபிடித்தார், சங்கிலியைப் பார்த்து வெட்கப்படவில்லை. அவ்வளவுக்காகவே பவுல் அவர் வீட்டாரை வாழ்த்துகிறார்.

எல்லா வருகையும் அப்படி அமைவதில்லை. 1854-55-ல், மதுரை மிஷனை நடத்திய அமெரிக்கன் போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் கடல் தாண்டி வந்து யாழ்ப்பாணத்தையும் மதுரையையும் பார்த்துவிட்டுப் போனார். தாய்மொழியில்தான் படிப்பும் பிரசங்கமும் நடக்க வேண்டும், உள்ளூர் சபைகள் தங்கள் காலில் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையில் நியாயம் உண்டு. ஆனால் அவர் வந்தது கணக்குப் பார்க்க. யாழ்ப்பாணத்தில் பேர் வாங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855-ல் மூடப்பட்டது. அங்கே வருஷக்கணக்காக உழைத்தவர்களுக்கு அந்த வருகை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனசு கனக்கிறது. சரியான முடிவை எடுக்க வந்தவரால்கூட ஆறுதல் சொல்ல முடியாமல் போகும்.

இன்னொரு கடல் பயணம் 1902-ல் நடந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே உள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் தங்கள் ஆளையே வேறு இடத்துக்கு மிஷனெரியாக அனுப்பி வைத்திருப்பதைப் பார்த்தார். திருநெல்வேலி சபை அவ்வளவு பெரிதாக இருந்தும் அப்படி ஒன்றைச் செய்யவில்லையே என்ற கேள்வியோடு திரும்பினார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நிஜாம் ராஜ்யத்தின் தெலுங்குச் சீமைக்கு ஆள் போனது. 1909-ல் அசரியாவே அந்தச் சீமையின் தோர்ணக்கல்லுக்குப் போனார், 1912-ல் அங்கேயே பேராயரானார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் அவர் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்துக் கேட்டதும் நட்பைத்தான். கொடுக்கிற கை இருக்கிறது, கூட உட்காருகிற ஆள் இல்லை என்ற அவருடைய ஆதங்கம் இன்றைக்கு அப்படியே நமக்குத் திரும்பி வந்து நிற்கிறது. அன்று கேட்கிற இடத்தில் இருந்தோம். இன்று அனுப்புகிற இடத்தில், தாங்குகிற இடத்தில் நாம் இருக்கிறோம்.

போட்டோ விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஜார்க்கண்டில் 2017-ல் மதச் சுதந்திரச் சட்டம் என்ற பெயரில் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஜெபக்கூட்டத்தில் கும்பலாக நின்று எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால், நாம் ஊர் வந்து சேர்வதற்குள் அங்கே விசாரணை வந்துவிடும். நேபாளத்துக்கோ வேறு நாட்டுக்கோ போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். சுற்றுலா விசாவில் போய் மேடை போட்டுப் பிரசங்கித்தால் நாம் விமானம் ஏறிவிடுவோம், பதில் சொல்ல வேண்டியவர் அங்கேயே இருப்பார். நாங்கள் எடுத்த ஒரே படம் மலையும் மேகமும்.

எங்கள் சபையில் இந்த வருஷம் பணித்தளப் பயணத்துக்குப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் தங்கல், இரண்டு கூட்டம், துணிமணி விநியோகம் என்று நிகழ்ச்சி நிரல் போட்டாகிவிட்டது. அந்தப் பணத்தில் இரண்டு பேர் போய்ப் பத்து நாள் தங்கட்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், வீட்டுவேலை செய்யத் தெரிந்தவராக இருக்கட்டும், கூட்டமே வேண்டாம் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன். ஹாஸ்டலில் இருக்கிற பையனையும் லீவு விட்டதும் நம் செலவில் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். 'பத்து நாள் அங்கே என்ன செய்வது?' என்று பொருளாளர் கேட்டார். அரிசியில் கல் பொறுக்கலாம் என்றேன். முடிவு இன்னும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி கேட்பேன்.