இலண்டனில் ஓர் இரவு

1961ஆம் ஆண்டில் யான் இலண்டனிற் பயின்ற காலை, கோடையில் ஓர் இரவு, அல்பேட் மண்டபத்தில் மலிவுச் சீட்டுப் பெற்று நின்றவாறே இசை கேட்டேன். பின்னர் பிக்கடிலியின் வண்ண விளக்குகளில் மயங்கிக் கடைசி நிலக்கீழ் இரயிலைத் தவறவிட்டு, இஸ்லிங்டனிலிருந்த அறையை நோக்கி நடந்தேன்.

வழியில் கொவென்ற் கார்டன் சந்தை நள்ளிரவிலும் விழித்திருந்தது. இசைநாடக அரங்கின் அருகிலேயே கோவாவும் உருளைக்கிழங்கும் குவிந்திருக்க, தொழிலாளர் கூடைகளைத் தலையிற் சுமந்து விரைந்தனர். அந்த மணம் என்னைச் சுன்னாகச் சந்தைக்கே கொண்டு சென்றது. அங்கேதான் என் தந்தையார் வெங்காயம் விற்று எனக்குப் பணம் அனுப்பினார்.

மறுநாட் கடிதத்தில் பிரித்தானிய நூதனசாலையைப் பற்றி மட்டுமே எழுதினேன். பொய்யன்று, அதனையும் பார்த்திருந்தேன். சந்தை 1974இல் நைன் எல்ம்சுக்கு இடம் பெயர்ந்தது. தந்தையார் அதற்கு முன்னரே மறைந்துவிட்டார். அவ்விரவைப் பற்றி அவருக்கு நான் சொல்லவேயில்லை.