மேக்கரானில் சர்க்கரையைக் குறைக்கப் போன கதை

1/ ஞாயிற்றுக்கிழமை இழைன்னா ஏதாவது நோய் பத்தித்தான் எழுதுவேன். இன்னிக்கு ஒரு பலகாரம். பிரெஞ்சு மேக்கரானை வீட்டில் செய்யப் போய் மூணு தடவை தோற்ற கதை. செய்முறையும் உண்டு, மருத்துவமும் உண்டு. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

2/ அப்பாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. மக்ரூன்னா உயிர். 14 வருஷமா சர்க்கரை நோய். போன வருஷம் ஹெச்பிஏ1சி 8.4 வந்ததும், "இனிமே மக்ரூன் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது"ன்னு சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசல. ரெண்டு வாரம் கழிச்சு அவர் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தா, பையில மக்ரூன் தூள்.

3/ கோபம் வந்துச்சு. அப்புறம் ஒரு யோசனை. நாமளே வீட்டில் சர்க்கரை குறைச்சு ஏதாவது செஞ்சு கொடுத்தா என்ன? அப்படித்தான் மேக்கரான் கண்ணில் பட்டது. தூத்துக்குடி மக்ரூனும் பிரெஞ்சு மேக்கரானும் உறவுக்காரங்கதான். ரெண்டுமே முட்டை வெள்ளை, சர்க்கரை, பருப்பு. அங்கே பாதாம், நம்ம ஊரில் முந்திரி. அங்கே ரெண்டு வட்ட ஓட்டுக்கு நடுவில் கிரீம், இங்கே கூம்பு.

4/ 18 மேக்கரானுக்கான அளவு: முட்டை வெள்ளை 60 கிராம் (2 முட்டை), சீனி 60 கிராம், பாதாம் மாவு 80 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம். கப், ஸ்பூன் கணக்கு இதுக்கு ஆகாது. சமையலறைத் தராசு கட்டாயம். நான் என்ன பண்ணேன்? முதல் நாளே சீனியைப் பாதியாக்கினேன்.

5/ முதல் தடவை: நுரை பொங்குச்சு, ஆனா தொட்டதும் தளர்ந்து தண்ணி விட்டுருச்சு. ஓவன்ல தோசை மாதிரி பரவிடுச்சு.
ரெண்டாவது: சீனிக்குப் பதிலா ஸ்டீவியா. நுரை நிக்கவே இல்ல.
மூணாவது: சீனி முழுசா போட்டு, பொடித்த சர்க்கரையைக் குறைச்சு பாதாமைக் கூட்டினேன். மாவு கெட்டியாகி, மேலெல்லாம் விரிசல். ருசி பரவாயில்ல, ஆனா அது மேக்கரான் இல்ல.

6/ காரணம் என்ன? முட்டை வெள்ளையை அடிக்கும்போது அதில் உள்ள புரதம் விரிஞ்சு காற்றுக்குமிழைச் சுத்தி வலை பின்னும். சீனி அந்த வெள்ளையில் இருக்கிற தண்ணியில் கரைஞ்சு பாகு மாதிரி ஆகும். அதனால் தண்ணி வடியாது, குமிழ் சீக்கிரம் உடையாது. அதாவது இதில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்ல, கட்டடத்துக்கே அதுதான் சிமெண்ட். ஸ்டீவியா இனிக்கும், ஆனா பாகு ஆகாது.

7/ நாலாவது தடவை அளவை அப்படியே வெச்சுக்கிட்டேன். புதுசா தொடங்குறவங்களுக்கு சுவிஸ் முறை நல்லது. கொதிக்கும் தண்ணி மேல பாத்திரம் வெச்சு (அடி தண்ணியைத் தொடக்கூடாது), வெள்ளையையும் சீனியையும் கலக்கிக்கிட்டே இருங்க. விரலில் தேய்ச்சா சீனி நெறநெறக்கக் கூடாது. இறக்கி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடிக்கணும். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை சரியா வராது.

8/ பாதாம் மாவையும் பொடித்த சர்க்கரையையும் ரெண்டு தடவை சலிச்சு, நுரையில் மெதுவா மடிச்சுக் கலக்கணும். பெரும்பாலும் எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுதான். கரண்டியைத் தூக்கினா மாவு ரிப்பன் மாதிரி அறுபடாம விழணும், விழுந்த தடம் மெதுவா மறையணும். அங்கேயே நிறுத்திடுங்க. குறைவாக் கலக்கினா மேலே கூர் நிக்கும், அதிகமாக் கலக்கினா ஓடும்.

9/ தாளில் 3.5 செ.மீ. வட்டமாப் பிழிஞ்சு, தட்டை ரெண்டு தடவை மேசையில் தட்டுங்க, பெரிய குமிழ் போயிடும். ஃபேன் கீழே 30 முதல் 60 நிமிஷம். தொட்டா விரலில் ஒட்டக்கூடாது. மழை நாள்னா இன்னும் நேரம் எடுக்கும். மேலே தோல் கட்டினாத்தான் ஆவி மேலே வெடிக்காம ஓட்டை அடியிலிருந்து தூக்கும். அப்போ அடியில் வர்ற சுருக்கத்தைத்தான் பிரான்சில் 'கால்'னு சொல்றாங்க.

10/ 150 டிகிரி செல்சியஸ், 14 முதல் 16 நிமிஷம். ஓடிஜி குமிழியை நம்பாதீங்க, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைங்க. முழுசா ஆறினப்புறம் தாளிலிருந்து எடுங்க.

11/ சர்க்கரையைக் குறைக்க இடமே இல்லையா? இருக்கு, நடுவில்! ஜாம் வேண்டாம். 70 சதவீத டார்க் சாக்லேட் 50 கிராம், கிரீம் 50 கிராம், சூடாக்கிக் கலந்து ஆற வைங்க, 18-க்கும் போதும். நடுவில் தடவி ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வெச்சாத்தான் உள்ளே மிருதுவாகும். அப்பவும் ஒரு மேக்கரானில் சர்க்கரை சுமார் 9 கிராம், ரெண்டு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே. 'பாதாம்தானே, ஆரோக்கியம்'னு ஏமாறாதீங்க.

12/ முக்கியம்: யாருக்குக் கொடுத்தாலும் பாதாம், முட்டை, பால் இருக்குன்னு சொல்லிக் கொடுங்க. பருப்பு அலர்ஜி உயிருக்கே ஆபத்தாகலாம். நடுவில் பச்சை முட்டை சேர்த்த கிரீம் தடவாதீங்க, சால்மொனெல்லா பயம் இருக்கு.

13/ தட்டில் ஒண்ணே ஒண்ணு வெச்சு அப்பாகிட்ட நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னல இது, மக்ரூனை மிதிச்சு வெச்ச மாதிரி இருக்கு?" சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மக்ரூன் மக்ரூன்தான்."
அப்போதான் கேட்டேன்: "சட்டைப் பையில எத்தனை வெச்சிருந்தீங்கப்பா?"
"தினம் நாலு. நீ ஒண்ணுன்னு சொல்லியிருந்தா ஒண்ணு தின்னுருப்பேன். நீ ஒண்ணுமே கூடாதுன்னுட்டியே."

14/ ஓபியில் நான் தினமும் சொல்ற வசனம் அது: "ஸ்வீட்டே தொடாதீங்க." எத்தனை பேர் தலையாட்டிட்டுப் போய் ஒளிச்சுச் சாப்பிட்டாங்களோ! இப்போ ஞாயிறு மதியம் சாப்பாட்டோட ஒரு கரண்டி சோறு குறைச்சு, ஒரே ஒரு மக்ரூன். அவர் கேட்ட அதே தூத்துக்குடி மக்ரூன். என் கண் முன்னாடி.

15/ மூணு மாசத்தில் ஹெச்பிஏ1சி 7.6. மக்ரூனால் குறையல. ஒளிச்சுத் தின்றது நின்னுச்சு, சாயங்கால நடை தொடங்குச்சு, மாத்திரையை ஒழுங்கா போட்டார். இது அப்பாவோட கணக்கு. உங்க கணக்கை உங்க டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க. ஒளிக்காம பேசுங்க, திட்டினா பரவாயில்ல.

16/ மேக்கரான்? அது இப்போ எனக்காகச் செய்றேன். போன வாரம்தான் 18-க்கு 18-ம் கால் வந்துச்சு. நீங்க செஞ்சா படம் போடுங்க. விரிசல் விட்டதையும் சேர்த்து.