வழிக்குக் கட்டிய சோறு

நெடுந்தொலைவு செல்வோருக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்புவது நம் முன்னோர் வழக்கம். புளிச்சோறோ தயிர்ச்சோறோ, வாழையிலையில் பொதிந்து, துணியில் முடிந்து, புறப்படும்போதே கையில் கொடுப்பர். ‘முதலில் போய் வா; வழியில் உண்டதற்குக் கணக்குக் காட்டு; பிறகு சோறு தருகிறோம்’ என்று சொன்ன வீடு எதுவும் இல்லை. அறிவியல் மாநாடுகளுக்குச் செல்லும் நம் மாணவர்களை நினைக்கும்போதெல்லாம் இந்த எளிய வழக்கம் என் நினைவுக்கு வருகிறது.

மாநாடு என்றாலே மேடையும் மாலையும் வாழ்த்துரையும் என நம்மில் பலர் எண்ணுகின்றனர். அறிவியல் மாநாடு அத்தகையது அன்று. ஆய்வு செய்தோர் தம் முடிவுகளைப் பிறர்முன் வைத்து, அவர்கள் காணும் குறையைக் கேட்டு, வினாவுக்கு விடை கூறும் இடம் அது. இந்திய அறிவியல் மாநாடு முதன்முதலாக 1914-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடியது. அதனைத் தொடங்கிய இருவருள் ஒருவரான சைமன்சன், சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர்.

அதே கல்லூரியின் மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், தம் பதினெட்டாம் வயதில், 1929 சனவரியில் சென்னையில் கூடிய அம்மாநாட்டில் கட்டுரை படித்தார். மறு ஆண்டு அலகாபாத் மாநாட்டில் மேகநாத சாகாவைச் சந்தித்து அவருடைய பாராட்டைப் பெற்றார். இயற்பியலுக்காகக் கல்லூரி அவருக்கு அளித்த பரிசு, விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி எடிங்டன் எழுதிய நூல். 1930-இல் இந்திய அரசு வழங்கிய உதவித்தொகையுடன் அவர் பம்பாயில் கப்பலேறினார். ஒரு விண்மீன் வெண்குள்ளனாக ஒடுங்கி நிலைத்திருக்க அதன் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்னும் கணக்கை அந்தக் கடற்பயணத்திலேயே போட்டார். பரிசாக வந்த நூலும் உதவியாக வந்த பயணமும் ஒன்றுசேர்ந்ததன் விளைவு அது. 1983-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பின்னர் வந்தது.

இராமானுசனின் வரலாறும் இதையே சொல்கிறது. சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. அடுத்த ஆண்டு, இங்கிலாந்தில் தங்கிப் பயில ஆண்டுக்கு 250 பவுனும், கப்பற் கட்டணமும், குளிர்நாட்டு உடைக்கான செலவும் அனுமதித்தது. 1914 மார்ச்சு 17 அன்று அவர் புறப்படும் முன்பே இவை யாவும் உறுதியாகிவிட்டன. அவருடைய பெற்றோருக்கு மாதந்தோறும் ஒரு தொகை போய்ச் சேரவும் ஏற்பாடு இருந்தது. ‘கும்பகோணத்தில் அடுப்பு எரிகிறதோ’ என்ற கவலை இல்லாமல் அந்த மேதை கப்பலேற வேண்டும் என யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அறிஞரின் மூளையைப் போற்றுவது எளிது. அவர் வீட்டு அடுப்பையும் நினைப்பதே உண்மையான உதவி.

இன்று இத்தகைய உதவிகளுக்குக் குறைவில்லை. இந்திய அரசின் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், வெளிநாட்டு மாநாடுகளில் கட்டுரை படிக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு விமானக் கட்டணம், பதிவுக் கட்டணம், விசாக் கட்டணம் ஆகியவற்றை வழங்கி வந்தது; 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் இடத்தில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அமைந்துள்ளது. 2014-இல் சியோல் நகரில் கூடிய உலகக் கணித மாநாடு, வளரும் நாடுகளின் ஆயிரம் கணிதவியலாளருக்குப் பயண உதவி அறிவித்தது. நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தோன்றி, ஊர்க் குளத்தையும் வயலையும் ஆய்ந்த சிறுவர்களை மாவட்டம், மாநிலம், தேசம் எனப் படிப்படியாக அழைத்துச் சென்றது.

ஆயினும் ஒரு முடிச்சு அவிழாமலே கிடக்கிறது. மாணவருக்கான பயண உதவிகளுள் பல, பயணம் முடிந்த பிறகே கைக்கு வருகின்றன. சீட்டுகளை ஒப்படைத்து, அறிக்கை எழுதி, காத்திருக்க வேண்டும். வசதி உள்ள வீட்டுக்கு இது ஒரு விதிமுறை. வசதி இல்லாத வீட்டுக்கோ இது தாண்ட முடியாத மதில்.

பெரியபாளையத்தில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் பயின்ற பெண் ஒருத்தி, இரும்பில் துரு ஏறுவதைப் பற்றி ஆய்வு செய்து வந்தாள். அவளுடைய தந்தை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலையொன்றின் தொழிலாளி. செர்மனியில் நடக்கும் மாநாட்டில் அவளுடைய ஆய்வு ஏற்கப்பட்டு, மாணவர் விருதும் பயண உதவியும் அறிவிக்கப்பட்டன. கடிதத்தைக் கொண்டுவந்து காட்டியபோது அவள் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது. “சார், பணம் திரும்பி வந்தப்புறம்தானாம்” என்றாள்.

விசாவுக்கு 90 யூரோ. மறுக்கப்பட்டால் அது திரும்பாது. மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கில் இருப்பும் காட்ட வேண்டும். விமானச் சீட்டோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய தாயார் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொண்டுபோனார். “பொண்ணு போறது பெருமைதான் சார். வட்டி மட்டும் மாசம் தவறாம ஏறுதே” என்று தந்தை சொன்னதில் குறை கூறும் தொனி இல்லை, கணக்கு மட்டுமே இருந்தது.

அவள் போய் வந்தாள். தன் ஆய்வை ஒரு தட்டியில் ஒட்டி, அதன் அருகே நின்றிருக்கிறாள். முதிய ஆய்வாளர் ஒருவர் வந்து நெடுநேரம் படித்துவிட்டு, “கம்பியை எப்போதும் உப்புநீரில் மூழ்கவே வைத்திருக்கிறாயே, நனைந்து காய்ந்து நனைந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டாராம். அந்த நொடியில் அவளுக்குத் தந்தை அடிக்கடி சொல்லும் பேச்சு நினைவுக்கு வந்தது: “மழையில நனைஞ்ச கம்பியவிட, பனியில நனைஞ்ச கம்பிதான் சீக்கிரம் துரு ஏறும்.” மழை, கம்பியின்மேல் படிந்த உப்பையும் புகையையும் கழுவிவிடும், பனியோ அவற்றைக் கரைத்து அங்கேயே தங்கவைக்கும். வீட்டில் பலமுறை கேட்ட சொல்லின் பொருள், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அந்நியரின் கேள்வியால் அவளுக்கு விளங்கியது. ஆய்வின் போக்கே அதன்பின் மாறியது. மாநாட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்போருக்கு இதனினும் நல்ல விடையை நான் அறியேன்.

உதவித்தொகை ஐந்து மாதம் கழித்து வந்தது. சங்கிலியும் மீண்டது. ஆனால் வட்டியை எந்த விருதும் ஈடுசெய்யவில்லை. அடகு வைக்க ஒரு சங்கிலிகூட இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர், விருதுக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ‘உடல்நலம் இல்லை’ என்று பதில் எழுதியிருப்பார்களோ!

எங்கள் ஊர்க்காரருக்குப் பயணம் புதிதன்று. ஆடி மாதம் தொடங்கிவிட்டால் பல வாரங்கள் பவானியம்மன் கோயிலுக்குத் திரள் திரளாக மக்கள் வருவர். நடந்து வருவோருக்குச் சாலையோரம் மோரும் கூழும் தண்ணீரும் கொடுக்கும் கைகள் பல. தாகம் வழியில்தான் எடுக்கும். எனவே தண்ணீரையும் வழியில்தான் கொடுக்க வேண்டும் என்பது அங்கே படிக்காதவருக்கும் தெரிந்திருக்கிறது.

இதைக் கண்டு நாங்கள் சிலர், ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஆலைத் தொழிலாளரும், ஒரு சிறு சுழல் நிதி தொடங்கினோம். விருதுக் கடிதம் கையிலிருந்தால் வட்டியின்றிப் பணம் தருவோம், உதவித்தொகை வந்ததும் மாணவர் திருப்பிச் செலுத்துவர், அடுத்தவர் புறப்படுவார். இதில் தருமம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வரப்போகும் பணத்துக்கு முன்னே சில மாதம் பொறுப்பேற்பது, அவ்வளவே. இதுவரை இருவர் போய் வந்துள்ளனர். இருவரும் ஒரு காசு குறையாமல் திருப்பித் தந்தனர். முதலில் பணம் போட்டவர், சங்கிலியை மீட்ட அந்தத் தாயார்.

அன்பு வாசகர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய பிள்ளை ஒருவர் இருக்கக்கூடும். அவர் விருது பெற்ற செய்தி கேட்டுப் பொன்னாடை வாங்கப் புறப்படுமுன், ‘சீட்டுக்குப் பணம் இருக்கிறதா?’ என்று ஒரு சொல் கேளுங்கள். விருது வழங்குவோரும் தம் விதிகளில் ஒரு வரியை மாற்றி, சீட்டைத் தாமே எடுத்துக் கொடுப்பாராயின் மிக நன்று. அதுவரை, வழிக்குச் சோறு கட்டும் வேலை ஊரில் இருக்கும் நம்முடையது.