பம்ப்பை ஒளிக்காதே, மகள்

அன்பு மகளுக்கு,

1500 மீற்றர் ஓடி முடித்ததும் நெஞ்சடைத்து இழுப்பு வந்ததென்றும், இனி ஓட்டமே வேண்டாமென்று வீட்டில் சொல்லிவிட்டார்களென்றும் எழுதியிருந்தாய். உம்மாவின் பயம் நியாயம்தான். ஆனால் ஓட்டத்தை நிறுத்துவது இழுப்புக்கு மருந்தல்ல.

வேகமாக ஓடும்போது வாயால் மூச்சு வாங்குகிறோம். மூக்கு வழியே நனைந்து சூடேறிப் போகவேண்டிய காற்று அப்படியே உள்ளே போய், சுவாசக் குழாயின் ஈரத்தை வற்றவைக்கிறது. அதனால் சிலருக்குக் குழாய் சுருங்குகிறது. பெரும்பாலும் ஓட்டம் நின்று 5, 10 நிமிடத்தில்தான் இழுப்பு உச்சத்துக்கு வரும். உனக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது. ஆனால் இளைப்பெல்லாம் தொய்வு (ஆஸ்துமா) அல்ல. முதலில் புத்தளம் வைத்தியசாலையில் காட்டு.

இங்கே லண்டனில் ஜனவரிக் குளிரில் ஓடுகிறவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வார்கள். நம் வண்ணாத்திவில்லில் அந்தக் குளிர் இல்லை, களப்புக் காற்றில் ஈரமும் உண்டு. நமக்கு ஆகாதது புழுதியும் புகையும். சோளகம் அடிக்கும் மாதங்களில் எலுவன்குளம் வீதியோரம் ஓடாதே. கஜுத் தோட்டத்தில் சருகு எரித்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். தடிமன் பிடித்திருந்தாலும் அப்படியே.

ஓடுமுன் 10, 15 நிமிடம் மெல்ல ஓடியும் இடையிடையே வேகம் கூட்டியும் உடம்பைச் சூடாக்கு. டொக்டர் மூச்சுக்கு அடிக்கும் நீல பம்ப் தந்தால், பெரும்பாலும் ஓட்டத்துக்குக் கால் மணி முன்னர் அடிக்கச் சொல்வார். அது அடிக்கடி தேவைப்பட்டால் நோய் கட்டுப்படவில்லை என்று அர்த்தம். தடுப்பு பம்ப்பைப் பற்றிக் கேள்.

தொய்வு இருந்தாலும் ஓடலாம். இங்கிலாந்து ஓட்டக்காரி போலா ராட்கிளிஃப் பதின்ம வயதிலிருந்தே தொய்வுக்காரி. 2003இல் இதே லண்டனில் மரதனை 2 மணி 15 நிமிடம் 25 செக்கனில் ஓடினார். 2019 வரை எந்தப் பெண்ணும் அதை முறியடிக்கவில்லை.

கலியாணம் பேசும்போது குறை சொல்வார்களென்று நம்மூரில் பெண்பிள்ளைகளின் பம்ப்பை அலுமாரிக்குள் ஒளிக்கிறார்கள். எனக்கு அதில்தான் கோபம். மைதானத்தில் இழுப்பு வரும்போது அலுமாரியில் இருக்கும் பம்ப் யாருக்கு உதவும்? உன் விளையாட்டு ரீச்சருக்கும் கூட ஓடும் பிள்ளைகளுக்கும் வெளிப்படையாகச் சொல். பம்ப் எந்தப் பையில் இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியட்டும். இழுப்பு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து பம்ப் அடி. அடித்தும் குறையாவிட்டால், பேச்சுத் தடுமாறினால், உதடு நீலம் பாரித்தால், உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கச் சொல்.

இந்த மடலை உம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. கிளினிக் திகதி கிடைத்ததும் எழுது.

மாமா