கேட்கக்கூடிய நாளில் கேட்போம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், நம் அன்னையாருக்கு 'டிமென்ஷியா' எனும் மறதிநோய் தொடங்கியுள்ளதென மருத்துவர் உரைத்தார். அவருக்கு அப்போது வயது 79. "அம்மாவிடம் சொல்ல வேண்டாம்" என்றான் தம்பி. நான்காம் கட்டளையைப் பல்லாண்டு போதித்துவந்த நாமும் இசைந்தோம். பவர் பத்திரம் ஒன்றில் கையொப்பம் வாங்கிவிட்டால் போதுமென எண்ணினோம்.

அது தவறென வழக்கறிஞர் ஒருவர் உணர்த்தினார். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அப்பத்திரத்தின் அதிகாரமும் அற்றுப்போகும். உயிலுக்கும் தெளிந்த மனமும் இரு சாட்சிகளும் வேண்டும். சிகிச்சையில் தமக்குத் துணைநிற்க ஒருவரை, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வெள்ளைத்தாளில் எழுதியே நியமிக்கலாம். ஆனால் இவையனைத்தும் அவரே அறிந்து செய்ய வேண்டியவை.

அன்றிரவு செபமாலை முடிந்ததும் உண்மையைச் சொன்னோம். அன்னையார் கலங்கவில்லை. "எனக்கே தெரியும், சாமி. நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்" என்றார். வீட்டில் தங்கைக்கும் சமபங்கு என்றார். "மருமகள் ஒருத்தியே என்னைச் சுமக்கக் கூடாது, செலவிலும் கவனிப்பிலும் மூவருக்கும் பங்குண்டு" என்றார். மருத்துவர் சான்றுடன் உயில் எழுதினார். நோயில்பூசுதலையும் தெளிந்த மனத்தோடு பெற்றுக்கொண்டார்.

இன்று நம்மைக் கண்டால், "சாமி எந்தப் பங்கு?" என வினவுகிறார். நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. ஆயினும் அவர் விருப்பம் எதுவென நாங்கள் ஊகித்துப் பிணங்க வேண்டியதில்லை.

அன்பர்களே, பெற்றோரை மதித்தல் என்பது, அவர்கள் சொல்லக்கூடிய நாளிலேயே அவர்களைக் கேட்பதுமாகும்.