நேத்து என்ன கொழம்பு, அண்ணாச்சி?

டயாலிசிஸ் என்றாலே மெஷின்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சர்வர் அலாரங்களைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். அளவு மீறினால் சிவப்பு விளக்கு எரியும், சரிசெய்ய வேண்டும். அதனால் எனக்கும் மெஷின் மேல்தான் கண். உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகு, ஊருக்கு வரும்போதெல்லாம் தூத்துக்குடியில் அவரோடு அந்த நாலு மணி நேரம் உட்கார ஆரம்பித்தேன். மெஷினை ஓடவிடும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது அங்கேதான் தெரிந்தது.

முதலில் எடை. உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடையை உலர் எடை என்கிறார்கள். பெரியப்பாவுக்கு அது 50 கிலோ. 53 காட்டினால் அந்த மூணு கிலோ சதை இல்லை, தண்ணீர். ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீரை எடுத்தால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது. அவர் கணக்குக்கு நாலு மணி நேரத்தில் 2,600 மில்லி. மூணு லிட்டர் அதற்குள் அடங்காது.

பிறகு சிஸ்டர் கணுக்காலை அழுத்திப் பார்ப்பார். படுத்தால் மூச்சு முட்டுதா என்று கேட்பார். இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடத்தில் உள்ளங்கையை வைப்பார். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட முறை அது. அங்கே ரத்தம் ஓடும் அதிர்வு கைக்குத் தட்டுப்பட வேண்டும்; இல்லையென்றால் அடைப்பாக இருக்கலாம், ஊசி குத்தக் கூடாது. அந்தக் கையில் பிரஷரும் பார்க்க மாட்டார்கள்.

மெஷின் ஓடும்போதும் அவர் கண் முகத்தில்தான். ஒருநாள் பெரியப்பா இரண்டு தடவை கொட்டாவி விட்டார். அலாரம் எதுவும் அடிக்கவில்லை. சிஸ்டர் வந்து பிரஷர் பார்த்தார், இறங்கிக்கொண்டிருந்தது. நீர் எடுப்பதை நிறுத்தி, காலை உயர்த்தி வைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய கேள்வி. "எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "ரெண்டு மடக்குதான் சிஸ்டர்." அவர் அதைக் கேட்பதே இல்லை.

"நேத்து என்ன கொழம்பு, அண்ணாச்சி?"

"கருவாட்டுக் கொழம்பு."

தாகத்தைக் கொண்டுவருவது உப்பு. ஏறக்குறைய 9 கிராம் உப்பு உள்ளே போனால் உடம்பு ஒரு லிட்டர் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நம்மூரில் மீன் கருவாடாவதும் மாங்காய் ஊறுகாயாவதும் அந்த உப்பில்தான். கொதிக்கும் வெயிலில் அதை வாரிக் குவித்த மனிதரிடம் போய் "உப்பைக் குறை" என்று யார் சொல்வது?

சிஸ்டர் சொன்னார், திட்டாமல். "ஊறுகா, அப்பளம் வேண்டாம். கருவாடு மாசத்துக்கு ஒருநா, ஒரு துண்டு. சரியா?"

பெரியப்பா பேரம் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

அடுத்த முறை எடை 52.3. எடுக்கவேண்டியது 2,300 மில்லி. அன்று கொட்டாவியும் இல்லை, கால் இழுக்கவும் இல்லை. வெளியே வந்ததும் டீ வேண்டாம் என்றார், தாகமே இல்லையாம்.